யாரும் கொத்தாத தரை

தேவராஜ் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் குனோங் ராபாட்டில் முடிதிருத்தும் கடையில் இருந்தேன். பாதிக் கன்னத்தில் நுரை, தொண்டையருகே கத்தி. எழுந்து ஓடவும் முடியாது, அழவும் முடியாது. கடைசி இரண்டு வருடம் அண்ணனிடம் நான் இருந்த நிலையும் அதுதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வேலை தெரியும்: சரிவுகளில் மண் எவ்வளவு அரித்துப் போகிறது என்று அளப்பது. மழையோடு வானிலிருந்து இறங்கும் ஒருவகைக் கதிரியக்க ஈயம் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண் கரைந்தால் அதுவும் கூடவே போய்விடும். எவ்வளவு போனது என்று சொல்ல, யாரும் கொத்தாத சமதரை ஒன்றோடு ஒப்பிட வேண்டும். நான் அவருக்கு வண்டி ஓட்டி, மண் பைகளில் பெயர் எழுதியவன்.

பழைய ரப்பர் தோட்டத்துச் சரிவில் நம்மவர்கள் காய்கறி போடுகிறார்கள். மண் போகிறது என்று அண்ணன் நிரூபித்தால்தான் அவர்களுக்கு வடிகால் கிடைக்கும். கொத்தாத தரை எங்கே என்று அவர் கேட்டதும், கோயில் செயலாளர் என்ற மிடுக்கில் கோயில் திடலைக் காட்டினேன். "அம்பது வருஷமா ஒரு சங்குல் வெட்டுகூட படலண்ணே" என்று சத்தியம் வேறு.

வீட்டில் சாப்பிடும்போதுதான் உறைத்தது. வருடா வருடம் அங்கேதான் தீமிதிக் குழி வெட்டுகிறோம். மறுநாள் சாம்பலோடு மேல்மண்ணையும் பக்தர்கள் அள்ளிப் போகிறார்கள். முதல் வெட்டு வெட்டுவதே நான்தான். கழுத்தில் மாலையோடு போட்டோகூட இருக்கிறது.

முடிவு வந்தது. சரிவில் மண் போகவே இல்லையாம். ஒப்பிட்ட தரையிலேயே ஈயம் காலியாக இருந்தால் வேறென்ன வரும்? வண்டியில் அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மண்ணு பொய் சொல்லாது செல்வம். அவசரப்படுத்தாம கேட்டா சொல்லும்."

ஏசி முழு வேகத்தில் ஓடியும் எனக்கு வேர்த்தது. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது, வண்டியை அப்படியே உள்ளே திருப்பி நானே சேர்ந்துவிடலாமா என்றிருந்தது.

பிறகு அவர் என்னைக் கூப்பிடாமலே போய், பழைய துரை பங்களாவின் புல்தரையில் மண் எடுத்தார். கணக்கு சரியானது, வடிகாலும் வந்தது. ஏன் இடம் மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே. தீமிதி அழைப்பிதழை ஊருக்கெல்லாம் கொடுத்தேன், அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அரைச் சவரத்தோடு சாவு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு மண் பையைக் கையில் கொடுத்தார். உள்ளே விரல்நுனி அளவுக் கரித்துண்டு. மேலே பென்சிலில் அண்ணன் எழுத்து: 'கோயில் திடல். முதல் நாள். செல்வம் சொல்லட்டும்.'

"ரெண்டு வருஷமா மேசையிலயே கெடந்துச்சி. தூக்கிப் போடவான்னு கேட்டா, வேணாம், அவன் வருவான்லான்னு சொல்வாரு" என்றார் அக்கா.

அந்தப் பை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அண்ணே, அது தீமிதிக் குழி. வெட்டினது நான்தான்.