திறந்ததும் மூடிக்கொண்ட செட்டிங்ஸ்

எங்கள் அலுவலக மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

குடவாசலுக்குப் பக்கத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. விதையும் உரமும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள், நடவு இயந்திரம் வாடகைக்கு விடுவார்கள். நான் தஞ்சாவூரில் கணினி படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் ஊருக்குத் திரும்பி அங்கே சேர்ந்திருந்தேன். இருந்த ஒரே மடிக்கணினி பழையது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். வேறு சிஸ்டம் போட்டால் இதுவே நன்றாக ஓடும், வைரஸ் தொல்லையும் இருக்காது என்று நிறுவனத் தலைவரிடம் சொன்னேன்.

"உனக்குத் தெரியுமில்லம்மா? நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா நீதான் பாக்கணும்" என்றார்.

"பாத்துக்கிறேங்க" என்றேன்.

தலைவரைப் பற்றியும் என் அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அப்பா இளமையில் வேலை செய்தது தலைவர் குடும்பத்து வயல்களில்தான். வரப்பு வெட்டினார், நாற்று பறித்தார், அறுப்பு அறுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாக நிலம் வாங்கினார். இன்று அவரும் நிறுவனத்தில் ஓர் உறுப்பினர், தலைவருக்கு உள்ள அதே ஓட்டு அவருக்கும் உண்டு. தலைவர் அப்பாவைவிட வயதில் சிறியவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவை 'வா, போ' என்றுதான் பேசுவார். அப்பா அவரை 'அய்யா' என்பார். அது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால், குறுவைக்கான கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்து வாய்க்கால்கள் பல இடங்களில் தூர்ந்து கிடந்தன. நான் கைபேசியோடு கரைகளிலேயே நடந்து, கோரை அடைத்த இடம், மதகு உடைந்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்திருந்தேன். யார் வயலுக்கு எந்த இடத்தில் தண்ணீர் வராமல் நின்றுவிடும் என்று ஒரு வரைபடமும் செய்திருந்தேன். திரையில் பெரிதாகக் காட்டினால் அதிகாரிக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும் என்பது என் எண்ணம். அப்பாவின் வயலும் வரைபடத்தில் இருந்தது. அதைச் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

புரொஜெக்டர் கேபிளைச் சொருகினேன். திரையில் வெறும் நீலம். படத்தைத் தன் திரையில் மட்டும் காட்டும்படி கணினி அமைந்திருந்தது. செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால் முடிந்தது. செட்டிங்ஸை அழுத்தினேன். அதன் சன்னல் திரையில் விரிந்தது, கண்ணிமைப்பதற்குள் மறைந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். விரிந்தது, மறைந்தது. கணினியை அணைத்துவிட்டுப் போட்டேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. செட்டிங்ஸ் அப்போதும் அதையேதான் செய்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"சும்மா கெடைக்கிறதப் போட்டா இப்படித்தான். படிச்ச புள்ள சொன்னா நாம கேட்டுத்தான ஆவணும்" என்றார்.

சிரிப்பு எழுந்தது. அதில் பகை இல்லை. வெயிலில் வந்து காத்திருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். நான் குனிந்தபடியே இருந்தேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்லம்மா, மெயில்ல அனுப்பிடுங்க" என்று எழுந்து, பேச வேண்டியதைச் சுருக்கமாகப் பேசிவிட்டுக் கிளம்பினார்.

அதுவரை நடந்ததை நான் தாங்கியிருப்பேன். கூட்டம் கலையும்போது அப்பா மேடைப் பக்கம் வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தலைவர் முன்னால் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டு எப்போது கக்கத்துக்குப் போனதென்று தெரியவில்லை. முதுகு வளைந்திருந்தது. அப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா தெரியாம செஞ்சிடுச்சுங்கய்யா. மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

"சரி சரி, போ. பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சுருட்டி முடித்த பிறகும் அவிழ்த்து மறுபடி சுருட்டினேன். தெருவிலிருந்து வந்த இரண்டு பேரும் வாசலில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சன்னல் திறக்காததற்காக என் அப்பா அங்கே போய் அப்படி நிற்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தபோது, சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. செட்டிங்ஸுக்குப் போகவே தேவையில்லை. விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே திரை மாறியிருக்கும். கல்லூரி முதல் வருடத்திலிருந்து தெரிந்த விஷயம். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன பாப்பா, பெட்ரோல் இல்லையா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, கண்ணுல தூசி" என்றேன்.

மறுநாள் விடுமுறை. அலுவலகச் சாவி என்னிடம் இருந்தது. காலையிலேயே போய்த் திறந்து உட்கார்ந்தேன். முதலில் செட்டிங்ஸ் நிரலை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். பலன் இல்லை. டெர்மினலைத் திறந்து, கட்டளை கொடுத்து அங்கிருந்து ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஒரு வரி வந்தது: நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டதால் நிரல் நிறுத்தப்பட்டது. அது எப்படிச் செத்தது என்று தெரிந்ததே தவிர ஏன் என்று தெரியவில்லை.

பிறகு கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உண்டாக்கி அதற்குள் நுழைந்தேன். அங்கே செட்டிங்ஸ் அழுத்தினால் ஒழுங்காகத் திறந்தது, திறந்தபடியே நின்றது. ஆக, கணினியில் கோளாறு இல்லை, லினக்ஸிலும் இல்லை. என் கணக்கில் சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனாலும் 'கோளாறு உன்னுடையதில்தான்' என்று யாரோ சொன்னதுபோல் முகம் சுட்டது.

என் கணக்குக்குத் திரும்பி, கணினி தானாக எழுதி வைத்திருந்த பதிவுகளைப் பொறுமையாகப் படித்தேன். செட்டிங்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக எந்தப் பக்கத்தை மூடினோமோ, அடுத்த முறை அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். நான் கடைசியாகப் பார்த்தது பிரிண்டர் பக்கம். கூட்டத்துக்கு முந்தைய வாரம் பழுதான பழைய பிரிண்டரைத் தூக்கிப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டோம். அதன் பெயர் மட்டும் கணினியில் பாதி அழிந்த நிலையில் இருந்தது. செட்டிங்ஸ் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய், அந்தப் பாதிப் பெயரைப் படிக்கப் பார்த்து, விழுந்துகொண்டிருந்தது. எத்தனை முறை திறந்தாலும் அதே பக்கம், அதே விழுதல்.

கடைசிப் பக்கத்தை மறந்துவிடச் சொல்லும் கட்டளை ஒன்று இருந்தது. ஒரே வரி. கொடுத்தேன். செட்டிங்ஸ் திறந்தது. பிரிண்டர் பக்கத்தைத் தொடாமல், அந்தப் பாதிப் பெயரை டெர்மினலிலிருந்தே நீக்கினேன். அதற்குப் பிறகு பிரிண்டர் பக்கமும் ஒன்றும் ஆகாமல் திறந்தது. சாதித்துவிட்டேன் என்று தோன்றவே இல்லை. இதை ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் என்றுதான் தோன்றியது. கூட்டத்தன்று காலையில் மண்டபத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்த்திருந்தாலே போதும்.

சாயங்காலம் வயலுக்குப் போனேன். அப்பா நாற்றங்கால் போடப்போகும் இடத்தில் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிரிண்டர், பக்கம் என்றெல்லாம் விளக்கினேன். மண்வெட்டியில் சாய்ந்து நின்று கேட்டார்.

"அப்ப உன் மேல தப்பு இல்ல?"

"முன்னாடியே பாத்திருக்கணும்பா. ஆனா போட்ட சிஸ்டம் தப்பு இல்ல."

"அத அய்யாகிட்ட சொல்லிடு."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்க ஏம்ப்பா போயி அப்படி நின்னீங்க?"

அப்பா மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினார்.

"நிக்கணும்னு போவல பாப்பா. ஒனக்கு வேல போயிடக் கூடாதேன்னு ஒரு வார்த்த சொல்லத்தான் போனேன். நின்னதுக்கப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிது." பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

அவரும் அதை நினைத்துக் கூசிப்போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று தலைவரிடம் கோளாறைச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டுக் கையை அசைத்தார்.

"அதையெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேம்மா. மெஷின்னா அப்படித்தான். ஒங்கப்பாதான் பாவம், பதறிட்டான். பழைய ஆளு, மரியாத தெரிஞ்சவன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். என் கையில் மடிக்கணினி இருந்தது. சொல்ல எத்தனையோ இருந்தும், வாயில் வந்தது ஒன்றுதான்.

"எங்கப்பா ஒங்களவிட மூத்தவருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்மா" என்றார். பிறகு மேசையில் இருந்த உரப் பட்டியலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சரியாகச் சொன்னேனா, குறைவாகச் சொன்னேனா என்று அன்று முழுவதும் மனதுக்குள் ஓடியது. இன்னும் முடிவாகவில்லை.

மெயிலில் அனுப்பிய படங்களுக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் வந்தது, அடைப்பு இருந்த இடங்களில் நின்றது. அந்தந்த வயல்காரர்கள் தாங்களே கோரையை அறுத்துத் தள்ளினார்கள். சம்பா தொடங்கும் சமயத்தில் அதே அதிகாரி மறுபடி வந்தபோது, கூட்டத்தை அலுவலகத்திலேயே வைத்தோம். நான் காலையிலேயே புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்து, மத்தியானம் இன்னொரு முறையும் பார்த்தேன். எல்லாப் படமும் சுவரில் தெரிந்தது. அதிகாரி இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டார். அதில் ஓர் இடத்தைச் சில நாள் கழித்து இயந்திரம் வந்து தூர் வாரியது.

அப்பாவை நான் வற்புறுத்தித்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் நேரம் கழித்து வந்து கதவோரம் நின்றார். தலைவர் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தார். லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்க, முன்னால வந்து உக்காருங்க" என்றார்.

அப்பா திரும்பித் தன் பின்னால் பார்த்தார், யாரோ வருகிறார்கள் என்று. பின்னால் யாரும் இல்லை. நாலைந்து பேர் அதைக் கவனித்தார்கள். அப்பா வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். படங்கள் ஓடிய நேரம் முழுவதும் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயல் சுவரில் வந்தபோது நான் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தினேன். அப்போதும் அவர் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார். "அய்யாகிட்ட நீ எதாவது சொன்னியா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் மேலே கேட்காமல், வண்டியில் ஏறிக்கொண்டார்.