சும்மா இருந்த மீன்களின் தசை

கிள்ளானிலிருந்து ரயிலேறி, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்து மீன்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பதுதான் அப்போது என் வேலை. நிலையத்துப் படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். இதில் நான் பயிற்சியாளர்.

தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் குட்டி அடுப்புகள் உண்டு. உணவை எரித்துச் சக்தி தருபவை. நீந்தி உழைக்கும் மீனின் தசை, தேவைக்கேற்ப அடுப்புகளைக் கூட்டிக்கொள்ளும் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு தொட்டியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, மீன்களை எதிர்நீச்சல் போட விட்டேன். இன்னொரு தொட்டி மீன்கள் சும்மா இருந்தன. அடுத்த வாரம் தேர்வுக்குழு முன்னால் நிற்க வேண்டும். என் முனைவர் பட்டமே அதில்தான் தொங்கியது.

முடிவு தலைகீழாக வந்தது. சும்மா கிடந்த மீன்களுக்குத்தான் மைட்டோகாண்ட்ரியா அதிகம். மறுபடி அளந்தேன். அதேதான்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வீட்டுக்குப் போனதும் இதுங்க ஜிம்முக்குப் போய்ட்டு வருதா தம்பி?"

"என்னை விடப் பொறுப்பா இருக்கு லா டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. நேரே போய், சும்மா இருந்த மீன்களின் தொட்டியில் விரலை விட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இது என்ன, தொட்டியா, ஐஸ் கச்சாங் கிண்ணமா? ஹீட்டர் எங்க?"

"கேஎல் வெயில்ல யாரு டாக்டர் ஹீட்டர் வாங்குவா?"

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஏர்கான் நேராகத் தொட்டிமேல் ஊதிக்கொண்டிருந்தது. அது என் நாற்காலி இருந்த இடம். குளிர் தாங்காமல் நான் நகர்ந்துகொண்டு, அங்கே தொட்டியை வைத்தவனும் நானே. நீச்சல் தொட்டியோ மோட்டார் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

குளிரில் ஒவ்வோர் அடுப்பும் மந்தமாகும். அதை ஈடுகட்ட மீன்தசை அடுப்புகளைப் பெருக்கிக்கொள்ளும். பரீட்சையில் இதை எழுதிப் பாஸான ஆள் நான்.

"குழுகிட்ட தேதியத் தள்ளிக் கேக்கறேன்," என்றார் டாக்டர். "ரெண்டு தொட்டியும் ஒரே சூட்டுல வச்சு, முதல்லேருந்து செய். நாற்காலிய பழைய இடத்துலயே போடு."

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர், "பாஸ், இந்த ஊருக்கா ஹீட்டர்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது மீன்கள் வெதுவெதுப்பில் இருக்கின்றன. ஏர்கானுக்கு அடியில், ஸ்வெட்டருக்குள் நான். என் தசையிலும் ஏதாவது பெருகும் என்று பார்க்கிறேன். இதுவரை சளிதான்.