வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து

எங்கள் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. டெல்லிக்கு அனுப்ப ஒரே ஒரு எம்.பி., அதற்குக் கீழே பஞ்சாயத்துக் கவுன்சில்கள், அவ்வளவுதான். சென்னையிலிருந்து என் சித்தி போன் செய்யும்போதெல்லாம் எம்.எல்.ஏ. அம்மா இருக்காங்களா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். தகரக் கூரை ஹாலில், மூன்று மின்விசிறிகளுக்குக் கீழே நடக்கும் கூட்டத்தொடர்தான் எங்களுக்குச் சட்டசபை. சுனாமி முடிந்து ஐந்தாறு வருஷம் கழித்து, பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நான் அதற்குள் நுழைந்தேன்.

நான் தேர்தலில் நின்றது ஒரே ஒரு மதகுக்காக. சுனாமியில் எங்கள் ஊரின் நிலம் இறங்கிவிட்டது. பெரார்கஞ்ச் பக்கத்து மேட்டு வயல்கள் தப்பித்தன. எங்கள் பள்ளத்து வயல்களுக்குள் ஓடை வழியாகக் கடல் தினமும் இரண்டு வேளை வந்து போக ஆரம்பித்தது. கரையை உயர்த்தி, ஓடையின் வாயில் ஒரு மதகு வைத்தால் கடல் ஏறும்போது அடைக்கலாம், வற்றும்போது திறக்கலாம். மிச்ச உப்பை நாலு மழைக்காலம் கழுவிவிடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் நிலம் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான். கணவர் இல்லை. மகள் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வந்துவிடு அம்மா என்று கூப்பிட்டபடி இருந்தாள். அக்கா அசையவில்லை. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மண்வெட்டியோடு போய், உடைந்த கரையைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டிருந்தார். பைத்தியம் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண். மூன்று தலைமுறை அடுத்தவன் தோட்டத்தில் உழைத்தோம். சொந்த நிலம் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தொடரின் முதல் நாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் டீயும் சமோசாவும் வந்தன. கூடவே ஒரு பெரிய ரிஜிஸ்டரும் சுற்றி வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன், தமிழில், முழுப் பெயரையும் நீட்டி முழக்கி. மேலே தாள் வெறுமையாக இருந்தது. வருகைப் பதிவு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து, எனக்குத் தெரிந்த இந்தியில் மதகைப் பற்றிப் பேசினேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி தலையை ஆட்டி, குறித்துக்கொண்டதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த கையோடு ஒரு சார்ட் பேப்பரில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். கூட்டத்தொடர் தொடங்கிவிட்டது, மதகு கேட்டிருக்கிறேன், பதிவாகிவிட்டது. மூன்றே வரி. அதை நம்பி அடுத்த ஞாயிறே பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு அக்காவின் கரைக்குப் போனார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

ஒரு மாதம் கழித்து நடவடிக்கைக் குறிப்பின் நகல் வந்தது. இந்தியை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். உப்புநீர் புகுந்த வயல்கள் சாகுபடிக்கு லாயக்கற்றவை, அவற்றை விவசாய நிலப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறோம், உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக ஏற்றனர். கீழே என் பெயர், தமிழில், நீட்டி முழக்கி. மதகைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டியலிலிருந்து போன நிலத்துக்கு எந்த ஜென்மத்தில் மதகு வரும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், குறிப்பு எழுதும் எழுத்தரைப் பிடித்தேன். நல்ல மனிதர், ஒளிக்கவும் இல்லை. எப்போதும் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் எழுத்து என்றார். டீ குடித்ததும் பாதிப் பேர் கடைசி பஸ்ஸையும் படகையும் பிடிக்க ஓடிவிடுவார்களாம், பிறகு கையெழுத்துக்கு யாரைத் தேடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சுவரில் இருக்கும் பேப்பரைச் சத்தமில்லாமல் கிழித்துவிடு, அந்தக் குறிப்பை ஊரில் யார் படிக்கப் போகிறார்கள் என்றார் என் கணவர். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையே என்னைக் கொதிக்க வைத்தது. யாரும் படிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தானே அங்கேயும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு சார்ட் பேப்பர் வாங்கினேன். நடந்ததை அப்படியே எழுதினேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது என் முட்டாள்தனம் என்றும் எழுதி, பழையதற்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

அக்கா கடைசி வரி வரைக்கும் நின்று படித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"சைன் போட்டது நீ, வயலு என்னோடது," என்றார். "போயி சரி பண்ணிட்டு வா."

அடுத்த கூட்டத்தில் ரிஜிஸ்டர் முதலில் என்னிடம் வந்ததும் மூடிவைத்தேன். கையெழுத்து இல்லையென்றால் வரவில்லை என்றுதான் ஆகும், தொடர்ந்து வராமல் இருந்தால் பதவியே போய்விடும் என்றார் அதிகாரி. போகட்டும் என்றேன். போன தீர்மானத்தை நான் ஏற்கவில்லை என்று முதலில் எழுதுங்கள், எழுதியதை வாசியுங்கள், பிறகு போடுகிறேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் உச்சுக்கொட்டினார். எதிர் வரிசையில் இருந்த வங்காளிப் பெரியவருக்கும் பள்ளத்தில் வயல் உண்டு. அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எனக்கும் அந்தத் தீர்மானத்தில் சம்மதமில்லை, நானும் பிறகே போடுகிறேன் என்றார்.

கடைசி பஸ் போய்விட்டது. கையெழுத்துப் போடாமல் போனால் அவர்களும் வராத கணக்குத்தான். யாரும் எழுந்திருக்கவில்லை, என்னைச் சபித்துக்கொண்டாவது உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகாரி எழுதினார். சென்ற கூட்டத்தின் தீர்மானம் ஒருமனதானது அல்ல, இரண்டு உறுப்பினர்கள் மறுக்கிறார்கள், மறுபடி விவாதித்து வாக்கெடுக்கும் வரை பட்டியலில் மாற்றம் இல்லை. உரக்க வாசிக்கச் சொன்னேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். பிறகு கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு வரிகூட இடம் விடாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அக்கா வாசலில் காத்திருந்தார். மதகு வரவில்லை, வாக்கெடுப்பில் தோற்றாலும் தோற்போம் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"அதுவரைக்கும் வயலு நம்மளோடதுதானே?"

"நம்மளோடதுதான் அக்கா. எழுத்துலயே இருக்கு."

"அப்ப காலையில ஆறு மணிக்குத் தண்ணி வத்தும். நீயும் மண்வெட்டிய எடுத்துட்டு வா."