செவப்பியின் முதுகும் வாட்டிய வாழையிலையும்

1. முடியைப் பிடுங்கிப் பார்த்த நாள்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் அடங்கியும் அடங்காமலும் இருந்த நேரம். ரத்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சினை மாடு ஒன்று தீயில் வெந்துவிட்டது என்று எங்கள் ஆபீசுக்குச் செய்தி வந்தது. புறப்படும்போது என் மனைவி, "தமிழன்னு தெரிஞ்சா அடிப்பாங்க, விபூதிய அழிச்சிட்டுப் போங்க" என்று வாசல் வரை வந்து கெஞ்சினாள். நான் அழிக்கவில்லை. பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது.

ஊரில் எல்லோரும் என்னை மாட்டு டொக்டர் என்பார்கள். உண்மையில் நான் கால்நடை அபிவிருத்தி போதனாசிரியர். டொக்டருக்குக் கீழே ஊசி போடுகிறவன், சினை பார்க்கிறவன், சாணியில் கால் வைக்கிறவன். டொக்டர் சிங்களவர், என்னைவிட இளையவர், நல்ல மனிதர். மாடு வதைபடுவதை அவரால் பார்க்க முடியாது. அன்றைக்கு எனக்குப் பெரிய தொல்லையே அவருடைய அந்த நல்ல மனசுதான்.

மாட்டின் பெயர் செவப்பி. கலவரக்காரர்கள் வைத்த தீயில் இலுக்குப்புல் வேய்ந்த கொட்டில் கூரை எரிந்து முதுகில் விழுந்திருந்தது. அதை வளர்த்தவள் பிலோமினா, புருஷனை இழந்தவள், அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். தீக்குள் ஓடிக் கயிற்றை அறுத்துவிட்டதே அவள்தான். அவள் குடியிருந்த லயத்து அறையான காம்பராவிலும் பாதிக் கூரை இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கிருக்கும் தன் தம்பி அந்தோனியும் லொறியோடு வருவதாகச் சொல்லியிருந்தான் என்றாள்.

டொக்டர் செவப்பியின் நடு முதுகில் ஒரு பிடி முடியைப் பிடித்து இழுத்தார். முடி கையோடு வந்தது. மாடு அசையவே இல்லை.

"பார்த்தீங்களா செல்லத்துரை, நோவே தெரியல. தோல் செத்துப் போச்சு" என்று சிங்களத்தில் சொன்னார். "இவ்வளவு பெரிய இடம். உடம்புத் தண்ணியெல்லாம் இதுவழியாப் போயிடும். கிருமி உள்ள வரும். வதைக்காம ஊசி போட்டு அனுப்பிடுவோம்."

பிலோமினாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவள் மாட்டுக்கும் டொக்டருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"ஐயா, இது நின்னா நானும் இந்த மண்ணுல நிப்பேன். இது செத்தா தம்பி லொறியில ஏறிடுறேன். ரெண்டுல ஒண்ணு தெரியுற வரைக்கும் ஊசிய வெளிய எடுக்காதீங்க."

நான் குனிந்து, வெந்த இடத்தின் வேறு பகுதியில் நாலைந்து முடியைப் பிடித்து இழுத்தேன். செவப்பி வெடுக்கென்று உதைத்தது. என் முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்த உதை எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சேர், இங்க நோகுது" என்றேன்.

டொக்டர் குனிந்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அடுத்த கிழமை வருவேன். தோல் மூடுற அடையாளம் தெரியணும். தெரியாட்டி ஊசிதான். அப்ப ரெண்டு பேரும் குறுக்க நிக்கக் கூடாது."

ஜீப் போன பிறகு பிலோமினா என்னிடம் கேட்டாள்: "உதைச்சா நல்லதாங்க ஐயா?"

தோலின் மேற்பகுதி செத்த பொருள்தான், அது மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் போட்ட வேலி, உயிர் அதற்குக் கீழே இருக்கிறது என்று சொன்னேன். முடியின் வேர் ஆழத்தில் இருக்கிறது. வேர் பிழைத்திருந்தால் அதைச் சுற்றிப் புதுத்தோல் முளைக்கும்.

அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "ரப்பர் மரம் மாதிரிங்களா? கத்தி மரத்தத் தொடாம பட்டைய மட்டும் வெட்டினா திரும்பப் பட்டை வளரும். உள்ள மரத்துல பட்டுச்சுன்னா அந்த இடம் முடிச்சு விழுந்து போயிரும். கங்காணி ஏசுவாரு."

"அதேதான். இங்க தீ எவ்வளவு ஆழமா வெட்டியிருக்குன்னு பார்க்கணும்."

2. சாக்கு

வெயில், ஈ, காக்கா மூன்றும் எங்களுக்கு எதிரிகள். அதில் காக்காதான் பெரிய சண்டாளன். திறந்த புண்ணைக் கண்டால் மாட்டின் முதுகில் வந்து உட்கார்ந்து கொத்தும். வாலால் அங்கே எட்டித் துரத்த முடியாது. வில்கமுவப் பக்கத்து எருமைகளுக்கு இந்தக் கவலை இல்லை. சேற்றில் புரண்டு எழுந்தால் அதுவே ஒரு மேல்தோல், ஈ குடையாது, வெயில் சுடாது. ஆனால் வெந்த புண்ணில் சேற்றைப் பூச முடியுமா? பிலோமினா கேட்டதும் வேண்டவே வேண்டாம் என்றேன்.

எங்கள் ஆபீசில் இருந்த, புண்ணுக்குக் கட்டும் கோஸ் துணி ஒரு பூனைக்குத்தான் போதும். கடைகள் திறக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாளி வாளியாகக் குடிக்கக் கொடுத்தோம். பென்சிலின் ஊசி போட்டேன். ஊதா மருந்து தடவினேன். காக்காவுக்காக பிலோமினா ஒரு சணல் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் நனைத்து முதுகில் போர்த்தினாள். காரியம் முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மறுநாள் சாக்கு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊறவைத்து மெதுவாகத்தான் உரித்தோம். அப்படியும் சணல் நார் இறங்கியிருந்த இடமெல்லாம் இளந்தசை பிய்ந்து ரத்தம் கசிந்தது. செவப்பி முக்கிய முக்கல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"காக்காவே தேவல போல ஐயா" என்று பிலோமினா சாக்கைத் தூக்கி எறிந்தாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வேலைக்குப் போகவில்லை. கங்காணி ஆள் அனுப்பியபோது, "பால் நாளைக்கும் வெட்டலாம்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

3. சோற்றுப் பார்சல்

அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்கு ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தேன். மனைவி கட்டிக்கொடுத்த பார்சல், வாட்டிய வாழையிலையில் சோறும் பருப்பும் தேங்காய் இடித்த பொல் சம்பலும். பாதி தின்றேன், மனம் இல்லை. மீதியை நாய்க்குப் போடலாம் என்று இலையைச் சாய்த்தேன். சோறு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழுக்கி விழுந்தது. காலையிலிருந்து மணிக்கணக்காய்ச் சுடுசோற்றோடு கிடந்த இலை அது. ஆனாலும் ஒட்டவில்லை.

இலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க ஐயா, கறி சரியில்லையா?" என்றாள் பிலோமினா.

"கறிக்கு ஒண்ணும் இல்ல. இங்க வாழை எங்க நிக்குது?"

வாழையிலையின் மேலே மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுவது அதனால்தான். இலைக்குள் இருக்கும் ஈரத்தை வெயில் உறிஞ்சாமல் காப்பதும், பூஞ்சணம் இலகுவில் உள்ளே போகாமல் தடுப்பதும் அதே பூச்சுத்தான். மாட்டுத்தோல் செய்த வேலை எதுவோ அதையே இலையின் தோலும் செய்கிறது. மாட்டுக்குத் தன் தோல் வரும்வரை இலையின் தோலைக் கடன் வாங்கினால் என்ன என்று தோன்றியது. படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தவறிப்போனால் டொக்டரிடம் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது.

அதிகம் கிழியாத குருத்து இலைகளாகப் பார்த்து வெட்டினோம். நடு நரம்பைச் சீவி எடுத்து, கொதித்த தண்ணீரில் கழுவி, நெருப்பில் வாட்டினோம். என்னிடம் இருந்த புண் களிம்பைத் தடவி, வழுவழுப்பான பக்கம் புண்ணில் படும்படி ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். அதற்கு மேலே சாக்கு. வயிற்றைச் சுற்றி அகலத் துணியால் கட்டு. மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தேன். இலை சத்தமில்லாமல் கழன்று வந்தது. ரத்தம் இல்லை.

பிலோமினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நான் விபூதிக்காரன், ஆனாலும் அந்த நேரம் எனக்கும் சேர்த்துத்தான் அவள் போட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் இலை மாற்றினோம்.

4. டொக்டர் வந்தார்

ஒரு வாரம் கழித்துச் சொன்னபடியே வந்தார். ஊசிப் பெட்டியும் கையில் இருந்தது. வாழையிலையைப் பார்த்ததும், "செல்லத்துரை, மாட்டுக்குச் சோறு கட்டியிருக்கீங்களா?" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நான் இலையைத் தூக்கினேன். செத்த தோல் ஓரங்களில் கழன்றிருந்தது. ஆழமாக வெந்த நடு முதுகு இன்னும் சிவப்பாகவே கிடந்தது. ஆனால் மாடு என்னை உதைத்த அந்தப் பகுதியில், சிவப்புக்கு நடுவே மிளகளவில் வெளிறிய புள்ளிகள். டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிவேரைச் சுற்றி முளைத்த புதுத்தோல். சில இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தன.

அவர் நிமிர்ந்து பெட்டியை ஜீப்புக்குள் வைத்தார். "நடு முதுகு மூட மாசக்கணக்காகும். முடி முளைக்காது. வெயில்ல விடாதீங்க" என்றார். கொஞ்ச தூரம் போன ஜீப்பை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "இலைய எந்தப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

5. லொறி

அந்தோனி வந்த அன்று நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்ததும் வராததுமாய் அக்காவின் பெட்டியைத் தூக்கி லொறியில் ஏற்றினான்.

"ஏறுக்கா. இனியும் இங்க இருந்து அடிபடவா? மாட்ட யாருக்காச்சும் குடுத்துரு."

அவள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து செவப்பியின் முதுகைக் காட்டினாள். "பாரு. வெந்த எடத்துக்கு நடுவுலயே முளைக்குது."

"மாட்டுக்கு முளைக்குது. ஒனக்கு?"

"எனக்கும் வேர் சாகலடா."

அவள் லொறியில் ஏறினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்தோனி அழுதான். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவன் போகும் முன் காம்பராக் கூரைக்குத் தகரம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

செவப்பி பிறகு ஒரு கிடாரிக் கன்று போட்டது. நடு முதுகில் வழுக்கையோடு பல வருஷம் வாழ்ந்தது. கொட்டில் ஓரத்தில் பிலோமினா நட்ட வாழைகள்தான் அதற்கு நிழல்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. வாழையிலை தேட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளே, மேலே வெந்து கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டு ஊசிப் பெட்டியைத் திறக்காதீர்கள். இன்னும் நாலு இடத்தில் முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எங்கே உதை விழுகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.