செண்பகத்தைக் குளிப்பாட்டியவர்

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் செண்பகத்துக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கே நோய் வந்துவிடும் போலிருந்தது. இலையெல்லாம் மஞ்சளடித்துக் கொட்டியது. நுனிக் கிளைகள் காய்ந்துபோயின. பூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நெய்வேலியில் எது வாடினாலும் சாம்பல்தான் காரணம் என்பார்கள். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ரப்பர் குழாயைப் பிடித்து, உச்சியிலிருந்து மரத்தைக் குளிப்பாட்டுவார். பிளாக்கில் எல்லோரையும் போல நாங்களும் மரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் கட்டி, பொங்கலுக்குப் பொங்கல் காவியும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தோம். வழிகிற தண்ணீர் அத்தனையும் அதற்குள்ளேயே தேங்கும். போதும் என்று நான் சொன்னால் மனிதருக்குக் காதில் விழாது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் களைக்கொட்டை எடுத்து அடியைக் கிளறினேன். மண் கறுத்துப்போய் சாக்கடை நாற்றம் அடித்தது. வேரைத் தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. சாம்பலாவது மண்ணாங்கட்டியாவது, வேர் அழுகிக் கிடக்கிறது! பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை இருந்தது. இப்போது விட்டால் அதுவும் போய்விடும். கடப்பாரையால் செங்கல் கட்டை ஒரு பக்கம் இடித்துத் தண்ணீருக்கு வழி விட்டேன். அழுகிய வேரை வெட்டிவிட்டு மணலைக் கொட்டினேன்.

மாலையில் வந்தவர் இடிந்து கிடந்ததைப் பார்த்தார். நேராகப் போய்க் குழாயைத் திறந்தார். எனக்கு வந்ததே கோபம். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மரத்தைக் கொல்வது சாம்பல் இல்லை, நீங்கள்தான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நாள் பூரா எரிச்சி எரிச்சி ஊரு மேல வுட்டுகினு கெடக்குறேன். நம்ம வூட்டு மரத்தயாவது கழுவி வுடலாம்னுதான்."

கோபம் போகாமலே போய்த் தண்ணீரை நிறுத்தினேன். அவரே குழாயைச் சுருட்டிப் பின்பக்கம் வைத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் கதவைத் திறந்தால் கிளையெல்லாம் தளிர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கப் போகாமல் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஈரத் துணியால் ஒவ்வொரு தளிராகத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் பட்டாலே ஒடிகிற தளிர்! திட்டிக்கொண்டே போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.