வாழை இலைக்கு மிரர் போட்டவன்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நாங்கள் குடியேறிய நாட்டில், பிளாட் புஷ் என்ற புறநகரில் எங்கள் வீடு. ஆறு பேர் சாப்பிடும் மேசையில் ஐந்து பேர் ஒரே பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நான் மட்டும். தனியாக.

சண்டையா? அதெல்லாம் இல்லை. எல்லாம் ஒரு வெள்ளைத் துணியால் வந்த வினை. உண்மையைச் சொன்னால்... என்னால் வந்தது.

என் மனைவி தர்ஷினியை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவள் யாழ்ப்பாணம், நான் மதுரை. அவள் 'ஓம்' என்பாள், நான் 'ஆமா' என்பேன், அவள் சொன்னதுதான் நடக்கும். ஒன்பது வருஷமாக ஒரு ரெஸ்ட் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஒரு நாள் திடீரென்று போதும் என்று தோன்றி, டெக்ஸ்டைல் டிசைன் கோர்ஸில் சேர்ந்தாள். கோர்ஸ் முடிவில் ஒரு கண்காட்சி. ஒரு துணி கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் டிசைனர் வேலை – ஒரே ஒருவருக்கு.

"இது கிடைக்கேல்லையெண்டால் திரும்பவும் பெட்ஷீட்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் பெயர் மேவ். ஐரிஷ் வம்சாவளி. வகுப்புக்குத் தன் குடும்பத்துப் பழைய மேசைவிரிப்பைக் கொண்டுவந்து காட்டினாராம். ஐரிஷ் லினன் டமாஸ்க். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ! சாயமே கிடையாது. நூல் படுத்திருக்கும் விதத்தில் ஓரிடம் பளபளக்கும், ஓரிடம் மங்கும், அவ்வளவுதான். நேராகப் பார்த்தால் வெறும் துணி. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது குனிந்து பார்த்தால்தான் பூ தெரியும். துணியைத் திருப்பிப் போட்டால் பின்பக்கமும் அதே பூ, பளபளப்பும் மங்கலும் மட்டும் இடம் மாறியிருக்கும். 'இந்த மரபை எடுத்து உங்கள் வீட்டு மேசைக்கு ஒரு புது டிசைன் செய்யுங்கள்.' இதுதான் பரீட்சை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இந்த நாட்டின் சின்னமான பெரணி இலை. அடுத்தவரும் பெரணி இலை. இன்னொருவர் கொஞ்சம் துணிச்சல்காரர் – பெரிய பெரணி இலை.

தர்ஷினி வரைந்தது வாழை இலை. மேசையில் ஆறு இடம், ஆறு இலை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று. "அடிப்பாவி, எப்படி தோணுச்சு உனக்கு?" என்று கேட்டேன். நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

வகுப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் தறி அகலம் குறைவு. அதனால் நீளமாக இரண்டு துண்டு நெய்து, நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். துண்டுக்கு மூன்று இலை. முதல் துண்டுக்கான படத்தை அவள் வரைந்து முடித்திருந்தாள்.

இங்கேதான் நான் நுழைகிறேன். எல்லர்ஸ்லியில் பதினைந்து வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிற மேதை.

"நீ போய் டீ குடி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வீட்டில் அவள் டிசைன் கம்ப்யூட்டரில் 'மிரர்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். எதிர்ப்பக்கத்து மூன்று இலையும் கண்ணாடி பிம்பமாக வந்து உட்கார்ந்துவிட்டன. மேவ் டீச்சரும் பார்த்துவிட்டு, பழைய டமாஸ்க்கும் இப்படித்தான், இருபுறமும் கண்ணாடி பிம்பமாக இருக்கும் என்று பாராட்டினாராம். இரண்டு நாள் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நெய்தாயிற்று. தைத்தாயிற்று. புதன்கிழமை கண்காட்சி. அதற்கு முன்னால் நம்ம ஆட்கள் பார்க்கட்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை விருந்து. தர்ஷினியின் பெரியப்பா மகன் சிவம் அண்ணையும் அவர் மனைவி மாலா அக்காவும் வந்தார்கள். என் ஆபீஸ் நண்பன் செந்திலும் அவன் மனைவி கவிதாவும் வந்தார்கள்.

மாலா அக்கா துணியைத் தடவிப் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு. டிசைனை எப்ப போடப்போறாய்?"

"போட்டாச்சு அக்கா."

செந்தில் என் காதில், "பாஸ், பிளெய்னா இருக்கே?" என்றான்.

அப்போது பார்த்துப் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்தது. ஆறு இலையும் நரம்போடு எழுந்து வந்தன. கவிதா "ஐயோ அக்கா!" என்று வாயில் கை வைத்தாள். மாலா அக்கா தர்ஷினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இரண்டு நிமிஷம்தான். சிவம் அண்ணை உட்கார்ந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"தங்கச்சி... எனக்கு நுனி வலப்பக்கமெல்லோ கிடக்கு?"

அந்த வரிசையில் இருந்த மற்ற இருவரும் குனிந்தார்கள்.

இலை நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். நமக்கெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்தால் என் இடது அவருடைய வலது. கண்ணாடிக்கு இது தெரியாது. கண்ணாடி போட்ட எனக்கும் தெரியவில்லை.

"வலப்பக்கம் நுனின்னா... நல்ல காரியத்துக்கு ஆகாதுங்களே" என்று இழுத்தாள் கவிதா. சிவம் அண்ணை பக்கம் இருந்த மூன்று பேரும் தட்டோடு எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.

கவனியுங்கள் – தட்டோடு! பீங்கான் தட்டு! நிஜ வாழை இலையில் சாப்பிட்டு எங்கள் எல்லோருக்குமே மாதக்கணக்காகிறது. கோயில் விசேஷத்திலும் காகிதத் தட்டுதான். அது வட்டம், அதற்கு நுனியே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் துணியில் நெய்த இலை, தட்டுக்கு அடியில், வெயில் அடித்தால் மட்டும் தெரிகிற இலை... அதில் நுனி மாறினால் தொண்டையில் சோறு இறங்காது.

"ஆர் இப்பிடிச் செய்தது?" என்றார் சிவம் அண்ணை.

நான் ரசத்தைப் பார்த்தேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். குற்றவாளி எதிர்ப்பக்கம் அனுப்பப்பட்டான்.

செந்தில் சும்மா இருக்கிற ஆளா? "ரெண்டு பக்கமும் டிசைன் இருக்குல்ல? துணியத் திருப்பிப் போட்டுப் பாக்கலாம்." தட்டு, கிண்ணம், அப்பளம் எல்லாம் இறங்கின. துணியைப் புரட்டினோம். இப்போது என் பக்கம் மூன்று இலையும் சரி, அவர்கள் பக்கம் மூன்றும் தப்பு! ஐந்து பேரும் மறுபடி எழுந்து என் பக்கம் வந்தார்கள். நான் மறுபடி நாடு கடத்தப்பட்டேன். சோபாவில் பீட்சா தின்றுகொண்டிருந்த எங்கள் மகள், "அப்பா, ஜஸ்ட் ஈட்!" என்றாள்.

எல்லோரும் போன பிறகு தர்ஷினி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுபடி நெய்யத் தறியும் கிடைக்காது, நாளும் கிடையாது. "வெள்ளைக்காரங்களுக்கு நுனி எங்க தெரியப்போகுது? அப்படியே வச்சிடு" என்றேன்.

"எனக்குத் தெரியும்தானே" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை எழுந்து வந்தால், துணி நடுவில் இரண்டாகக் கிடக்கிறது! பகீரென்றது. கையில் தையல் பிரிக்கும் ஊசியோடு தர்ஷினி. "செந்தில் முழுத் துணியையும் பிரட்டினவர். நான் பாதியைப் பிரட்டப்போறன்."

ஒரு துண்டு அப்படியே. மற்றத் துண்டைப் பின்பக்கம் மேலே வருகிற மாதிரிப் புரட்டி, ஓர மடிப்பையும் மாற்றி, மறுபடி சேர்த்துத் தைத்தாள். கண்ணாடி பிம்பத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் நேர்ப்படம்! ஆறு நுனியும் அவரவர் இடப்பக்கம். ஒரு பக்கத்து இலைகள் பளபளத்தன, எதிர்ப்பக்கத்து இலைகள் மங்கலாகி அவற்றைச் சுற்றிய துணி பளபளத்தது. முன்பைவிட அழகு. இதில் எரிச்சல் என்னவென்றால், முதல் துண்டையே இரண்டு தடவை நெய்து, ஒன்றை அரைவட்டமாகத் திருப்பி வைத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அதாவது நான் உதவி செய்யாமல் இருந்திருந்தால்.

புதன்கிழமை. கண்காட்சி அறையில் பெரணி இலைகளைச் சுற்றிக் கூட்டம், கையில் வைன் கிளாஸ், "ஹெரிடேஜ்", "டயலாக்" என்று காற்றெல்லாம் பேச்சு. தர்ஷினியின் மேசைக்கு வந்தவர்கள் டிசைனை இன்னும் கொண்டுவந்து விரிக்கவில்லை என்று நினைத்துக் கடந்து போனார்கள். ஒருவர் அதன்மேல் கிளாஸை வைக்கப் போனார், நான் பாய்ந்து தடுத்தேன். கம்பெனிக்காரரும் வந்தார், தலையாட்டினார், நகர்ந்தார். தர்ஷினி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த நேரம் உள்ளே வந்தார் சிவம் அண்ணை. கோட்டு சூட்டு. யாரையும் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போய், முழங்காலை மடக்கி, தாடை விளிம்பில் படுகிற மாதிரிக் குந்திக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் குந்தினார்.

கம்பெனிக்காரர் நின்றார். திரும்பி வந்தார். இந்த மனுஷன் எதைப் பார்க்கிறார் என்று அவரும் பக்கத்தில் குந்தினார். "ஓ..." என்றார். பின்னாலேயே மேவ் டீச்சர் குந்தினார். பெரணிக் கூட்டமும் ஒவ்வொருவராக வந்து குந்தியது. வைன் கிளாஸோடு குந்துவது சாதாரண வேலை இல்லை.

ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் நிழல் – இது புலம்பெயர்ந்தவர்களின் இரட்டை வாழ்வா என்று யாரோ ஆங்கிலத்தில் உருகினார்கள். தர்ஷினி அமைதியாக, "இல்லை. என்ர மனுசன் விட்ட பிழை" என்று அதே ஆங்கிலத்தில் சொல்லி, நடுத்தையலைக் காட்டி, பிரித்ததையும் புரட்டியதையும் விளக்கினாள். கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் போன் நம்பரைக் கேட்டார்.

சிவம் அண்ணை முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஓம் தங்கச்சி, இப்ப சரி."

போன திங்கட்கிழமை தர்ஷினி புது வேலையில் சேர்ந்தாள். வாசலில் நின்று கையசைத்தபோது, எங்கே அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உள்ளே வந்து, ஏதாவது உதவி செய்யலாமே என்று அவள் டிசைன் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.