என் காரை மட்டும் யாரும் சோதிக்கலை

கொரோனாவுக்காக மூடிய ஜொகூர் எல்லையை மறுபடி திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஏழு கார்களில் வரிசையாக சிங்கப்பூரிலிருந்து துவாஸ் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போனோம். எல்லாக் காரிலும் முக்கால் டாங்க்குக்கு மேல் பெட்ரோல், ஏனென்றால் அது இல்லாவிட்டால் சிங்கப்பூர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்சீட்டில் ஹெல்மெட். என் காரில் கூடுதலாக ஒரு பெரிய டப்பா எலுமிச்சை சாதம், அதைக் கிளறிக் கொடுத்த என் வீட்டுக்காரர். வரிசையில் முதல் கார் என்னுடையது. அந்த நாளையே ஏற்பாடு செய்தவளும் நான்தான். அப்போது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா!

நான் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. யார் ஹெல்மெட் வாரைப் போடவில்லை, யார் இடுப்பில் பெல்ட் மாட்டாமல் ஏணி ஏறினார் என்று கத்துவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதோடு இன்னொரு பைத்தியமும் உண்டு. கார். சின்ன வயசிலிருந்தே இன்ஜின் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் என்னால் போக முடியாது.

என்னைப் போல இன்னும் ஆறு பைத்தியங்கள் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடுவோம். எட்டு மணிக்கு மேல் வந்தால் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்குமா என்ன? தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசையும் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயும் சொல்லிவிட்டு, பிரேக், டயர், கிளட்ச் என்று ரெண்டு மணி நேரம் பேசுவோம். கடைக்காரர் முறைத்த பிறகுதான் எழுந்திருப்போம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குடியிருக்கிற பேட்டைதான் பேர். நான் சுவா சூ காங் அக்கா. ஐம்பது வயசைத் தாண்டிய ஒருவர் ஈசூன் அண்ணன். திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட முப்பத்தைந்து வயசுக்காரர் பாசிர் ரிஸ் தம்பி. அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் சாம்பார் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூன் அண்ணன் எக்ஸ்பிரஸ்வேயில் பறந்ததைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்!

"வீட்டுல ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா அண்ணே? வேகமா போகணும்னா அதுக்குன்னு கட்டின இடத்துல போய் ஓட்டுங்க."

"சிங்கப்பூர்ல எங்கம்மா இருக்கு அந்த இடம்? நீதான் ஏற்பாடு பண்ணேன் லா."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் விடுவேனா? நாலு மாசம் அலைந்து மலேசியாவில் ஒரு சின்ன ரேஸ் டிராக்கை அரை நாளுக்குப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் ஒன்று காலையிலிருந்தே நிற்க ஏற்பாடு செய்தேன். பக்கத்தில் ஆள் ஏற்றக் கூடாது, நேர் பாதையில் மட்டும்தான் முந்தலாம், சிவப்புக் கொடி தெரிந்தால் வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிட வேண்டும் என்று பாடமாகவே நடத்தினேன். காரைச் சோதிக்க ரெண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் தயாரித்தேன். முக்கியமான விதி, ஒருவர் காரை இன்னொருவர்தான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டறையில் என் தொழிலே அப்படித்தான். வேலை செய்கிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஈசூன் அண்ணன் மனைவி எனக்குப் போன் செய்தார். "உன்னை நம்பித்தாம்மா அனுப்புறேன், எப்படிப் போறாரோ அப்படியே திரும்பி வரணும்" என்றார். "நான் இருக்கேன்ல அண்ணி" என்றேன் கெத்தாக.

டிராக்குக்குப் போனதும் சோதனை ஆரம்பித்தது. காருக்குள் ஒரு சாமான் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வையுங்கள் என்றேன். குடை, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பாக்கெட், பிள்ளைகளின் செருப்பு என்று பாசார் மலாம் மாதிரி ஒரு ராத்திரிச் சந்தையே அங்கே முளைத்துவிட்டது. ஈசூன் அண்ணன் காரில் டாஷ்போர்டு மேல் ஒரு பித்தளைப் பிள்ளையார் இருந்தார்.

"சாமியையும் இறக்கணுமா?" என்று அண்ணன் பரிதாபமாகக் கேட்டார்.

"அவருக்கு சீட் பெல்ட் இருக்கா? இல்லைல்ல, இறக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிள்ளையாரை எலுமிச்சை சாத டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஆறு கார்கள் முடிந்தன. பாசிர் ரிஸ் தம்பி ஃபைலோடு என் காருக்கு வந்தார். கதவைத் திறந்து குனியப் போனவரை நான் நிறுத்திவிட்டேன்.

"என் காடியை நான் பார்த்துட்டேன் தம்பி."

"ரூல்னு ஒண்ணு இருக்கே அக்கா, ரெண்டு நிமிஷம்தான்..."

"இருபது வருஷமா இதுதான் எனக்கு வேலை. எனக்கே நீங்க சொல்லித் தர்றீங்களா? குடுங்க இப்படி!"

ஃபைலைப் பிடுங்கி, எல்லாக் கட்டத்திலும் சரக் சரக்கென்று டிக் போட்டு, ஓட்டுநர் என்ற இடத்திலும் சோதித்தவர் என்ற இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். தம்பி முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

முதல் ரெண்டு சுற்று மெதுவாகத்தான் போனேன். பத்து வயசான என் கார் அது, கிளட்ச் மிதித்து கியர் மாற்றுகிற பழைய வகை. இன்னும் ரெண்டு மாசத்தில் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளக் கொடுக்கிற பத்து வருஷ அனுமதி, முடிகிறது. முடிந்ததும் உடைக்க அனுப்ப வேண்டியதுதான். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன கார், இப்போது என்ன சுகமாகப் பாடுகிறது என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தினேன். முதல் வளைவில் பிரேக்கைப் பலமாக மிதித்தேன், அருமையாகப் பிடித்தது. அடுத்து நீளமான நேர் பாதை. அதன் முடிவில் ஈசூன் அண்ணன் வளைவுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவர் காரின் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் பிரேக்கை மிதித்தேன்.

பிரேக் இறங்கவில்லை. கல்லை மிதித்த மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன், நகரவே இல்லை. அந்த ரெண்டு சிவப்பு விளக்கும் என் மூஞ்சிக்கு நேராகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. "உன்னை நம்பித்தாம்மா அனுப்புறேன்" என்ற குரல் காதுக்குள் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கியரை மூன்றுக்கும் ரெண்டுக்கும் இறக்கினேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன். அண்ணன் காரை உரசாமல் எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புல்லைக் கடந்து, வேலிக்கு முன்னால் கொட்டி வைத்திருந்த சரளைக்கல்லில் புதைந்து கார் நின்றது. முருகா முருகா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். பிரேக்குக்கு அடியில் ஒரு தேங்காய் மூடி குப்புறச் சிக்கியிருந்தது. அதன் மேல் குங்குமம்.

முதல் நாள் சாயங்காலம் காரைக் கழுவப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் எடுத்துப் போனார். கழுவியதோடு விடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது, சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கும் போய் என் பேருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். அறுபதுக்கு மேல் போனாலே கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற மனுஷன் அவர். வெளியே வைத்தால் நான் எடுத்துவிடுவேன் என்று, பிரசாதத் தேங்காயை ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார். நான் பலமாக பிரேக் போட்டதும் அது முன்னால் நழுவி வந்துவிட்டது.

டிராக்கில் வேலை செய்கிறவர்கள் காரை இழுத்து வந்தார்கள். நான் தேங்காய் மூடியோடு இறங்கினேன். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னைக் கொல்லப் பார்த்தீங்களா? அண்ணனையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நான்தான் வெச்சேன், என் தப்புதான்" என்றார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் பாசிர் ரிஸ் தம்பி கையில் இருந்த ஃபைலைக் கவனித்தேன். மேலே இருந்தது என் படிவம். மூன்றாவது வரியிலேயே இருந்தது, நானே எழுதிய வரி: 'சீட்டுக்கு அடியில் கை விட்டுத் தடவிப் பார்க்கவும்.' பக்கத்தில் என் டிக். தம்பி என் கண்ணைப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பார்ப்பதற்குள் அந்தத் தாளை மெதுவாகக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அப்படிக் காட்டிக்கொடுக்காமல் திருப்பி வைத்ததுதான் என்னை உடைத்துவிட்டது. ஃபைலை வாங்கி அந்த வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். "என் வீட்டுக்காரர் மேல தப்பே இல்லை. தேடிப் பார்க்கவேண்டியவ நான். தேட வந்தவரையும் துரத்திட்டேன்" என்றேன். ஈசூன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, ஒண்ணும் ஆகலைல்ல" என்று தோளைத் தட்டினார்.

ஒரு மணி நேரம் ஓட்டத்தை நிறுத்தி, எல்லாக் கார்களையும் முதலிலிருந்து சோதிக்கச் சொன்னேன். மிச்ச நாளுக்குப் பொறுப்பு தம்பி கையில். என் காரை இன்றைக்குத் தொட மாட்டேன் என்று ஓரமாக உட்கார்ந்தேன். மத்தியானம் பார்த்தால், தம்பி சட்டை அழுக்காகிற அளவுக்கு மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு என் சீட்டுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார். சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்து முடித்து வந்து, "ரெண்டு ரவுண்டு போயிட்டு வாங்க அக்கா, நான் பார்த்துட்டேன்" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "போயிட்டு வா" என்றார் அவரும். போனேன். அந்தக் காரை நான் ஆசை தீர ஓட்டியது அதுதான் கடைசி.

திரும்பும்போது எல்லையில் சரியான ஜாம், ரெண்டு மணி நேரம் கார் ஊர்ந்தது. ஒரே காருக்குள் எங்கே போய் ஒளிவது? "எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க" என்றேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"சொல்லியிருந்தா நீ தூக்கிப் போட்டிருப்பே, அதான் சொல்லலை" என்றார்.

"ஆமா, போட்டுத்தான் இருப்பேன்" என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே நான் அழுதேன்.

அந்தக் கூட்டம் இப்போது இல்லை. பாசிர் ரிஸ் தம்பி குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஈசூன் அண்ணன் காரே வேண்டாம் என்று எம்ஆர்டி ரயிலில் போகிறார். என் காரும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவேன். பட்டறையில் யாராவது என் வேலையைச் சரிபார்க்க வந்தால் இன்றைக்கும் முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வருகிறது. அப்போதெல்லாம் அவர்கள் ரெண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன். ஒருவர் எனக்காகச் சாமி கும்பிட்டார், இன்னொருவர் எனக்காக மண்டியிட்டுத் தேடினார். நான் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர ரெண்டு பேருமே வேறு எதையும் கேட்கவில்லை, அந்த ரெண்டு பேர் மேலும்தான் நான் ஒரே நாளில் எரிந்து விழுந்தேன்.